அரம் திரும்பி வந்த கதை

அமெரிக்க ராணுவத்தில் பழைய .45 கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டியவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு சத்தத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். வெடிச் சத்தம் இல்லை. காதோரம் வைத்துக் குலுக்கினால் வரும் சத்தம். மூடி சரியாக உட்காராத எவர்சில்வர் டப்பாவைக் குலுக்கினதுபோல லொடலொட என்றிருக்கும்.

அதே துப்பாக்கியை, 1911-இல் ராணுவம் ஏற்ற அதே அமைப்பில், ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் பெர்ரிவில் என்ற சிற்றூரில் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். அதைக் குலுக்கினால் ஒரு முணுமுணுப்பும் வராது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால், நல்ல ஆசாரி இழைத்துக் கொடுத்த தேக்கு இழுப்பறை மாதிரி போய் வரும். சாதாரணக் கம்பெனித் தயாரிப்பு 1,000 டாலருக்குள் கிடைக்கிறது. இது 4,000 டாலரைத் தாண்டும். இரும்பு ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சக் காசு ஒரு அரத்துக்கும், அதைப் பிடித்த கைக்கும், அந்தக் கை எடுத்துக்கொண்ட நாட்களுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கித் தொழிலிலிருந்து அந்த அரத்தை விரட்டத்தான் உலகம் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டது.

கலந்து போட்ட ஐம்பது

1785-ஆம் வருஷம். தாமஸ் ஜெஃபர்சன் அப்போது பிரான்ஸில் அமெரிக்கத் தூதர். பாரிஸுக்குப் பக்கத்தில் ஒனோரே பிளாங் என்ற துப்பாக்கிக் கம்மியரைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் பொறியைக் கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் விசைப்பகுதிதான் நுட்பமானது. ஐம்பது துப்பாக்கிகளுக்கான விசைகளைப் பிரித்துப்போட்டு பிளாங் வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தாமே சிலவற்றைக் கோத்துப் பார்த்தார். எதை எடுத்தாலும் எதனுடனும் சேர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 30-ஆம் தேதி, அமெரிக்க வெளியுறவுப் பொறுப்பிலிருந்த ஜான் ஜேவுக்குக் கடிதம் எழுதி இந்த அதிசயத்தைச் சொன்னார்.

இன்றைக்கு நமக்கு இது அதிசயமாகத் தெரியாது. பைக்கின் பிரேக் லீவர் உடைந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கி மாட்டுகிறோம். அன்றைக்கு அப்படி இல்லை. துப்பாக்கி ஒவ்வொன்றும் ஒரு கொல்லனின் கைவேலை. ஒரு பாகத்தை அராவி இன்னொன்றோடு சேர்ப்பான். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மட்டும்தான் சேரும். போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால், பக்கத்தில் செத்துக் கிடப்பவனின் துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போட முடியாது. கம்மியர் வரவேண்டும், அரம் வரவேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் புகழைத் தட்டிக்கொண்டு போனவர் ஈலை விட்னி. 1798-இல் 10,000 துப்பாக்கிகளை இரண்டு வருஷத்தில் தருவதாக ஒப்பந்தம் போட்டார். கடைசித் துப்பாக்கியைக் கொடுத்தபோது 1809. நடுவில் 1801-இல் வாஷிங்டனில் பெரிய மனிதர்கள் முன்னால் பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் விட்னியின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தார்கள். பாகங்களில் இது இதற்குத்தான் என்று தனித்தனி அடையாளக் குறிகள்! எதுவும் எதனோடும் சேரும் என்றால் குறி எதற்கு? பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. உண்மையில் காரியத்தைச் செய்து காட்டியது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆலையில் 1820-களில் உழைத்த ஜான் ஹால். அவர் பெயர் பலருக்குத் தெரியாது.

1854-இல் பிரிட்டிஷ் குழு ஒன்று மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலைக்கு வந்தது. 1844 முதல் 1853 வரை, வருஷத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்துக் கழற்றி, பாகங்களை ஒரே பெட்டியில் கலந்து போட்டார்கள். ஒரு தொழிலாளி கையில் திருப்புளியை மட்டும் வைத்துக்கொண்டு பத்தையும் திரும்பக் கோத்துக் கொடுத்தார். வந்தவர்கள் அந்த மெஷின்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி, லண்டன் பக்கத்திலிருந்த தங்கள் என்ஃபீல்டு ஆலையில் நிறுத்தினார்கள்.

அந்த என்ஃபீல்டு நம் வீட்டு வாசல் வரை வந்த பெயர். 1857 கிளர்ச்சியை மூட்டிய கொழுப்புத் தோட்டா என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது. பின்னாளில் அதே ஆலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த ரெட்டிச் நகரத்து சைக்கிள் கம்பெனி தன் வண்டிக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்து, துப்பாக்கியைப்போலச் செய்தது என்று விளம்பரமும் செய்தது. 1955-இலிருந்து அது சென்னைக்காரர்களின் வண்டி. இன்னொரு சுவாரசியம்: திருவொற்றியூர் ஆலையில் மெஷின் மெஷினாக நிறுத்தின பிறகும், புல்லட் வண்டியின் டாங்கில் ஓடும் தங்கக் கோட்டைப் பிரஷ்ஷால் கையாலேயே இழுத்தார்கள். அது எதற்கு என்று புல்லட் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் பெர்ரிவில்லின் பாதிக் கதை அடங்கிவிடும்.

தையல் மிஷின்காரர்கள்

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கிக் கம்மியர். மகன் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கி 1911 மார்ச்சில் கடைசிச் சோதனைக்குப் போனது: இரண்டு நாளில் 6,000 தோட்டாக்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துத் திரும்பச் சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அந்த மாதம் 29-ஆம் தேதி ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அதன் பெயரே 1911.

இரண்டாம் உலகப் போரில் இதைச் செய்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட். ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல். தையல் மிஷின் செய்த சிங்கர், அதுவும் 500 மட்டும். இன்று அந்த ஐந்நூறில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். டைப்ரைட்டர்காரர் செய்த மேல்பாகம் சிக்னல்காரர் செய்த அடிப்பாகத்தில் ஏற வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் கணக்கு. பிளாங் கண்ட கனவு அப்படியே பலித்துவிட்டது.

இதற்குப் பின்னால் அளவுக் கட்டைகள் இருந்தன. அவற்றையும் ஒரு துப்பாக்கி ஆலைக்காரர்தான் கொடுத்தார். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா ஆலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்டு யோஹான்சன் 1896-இல் ஜெர்மனியின் மவுசர் ஆலைக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது அவருக்கு யோசனை தட்டியது: நூற்றிச் சொச்சம் எஃகுக் கட்டைகள் இருந்தால், சேர்த்துச் சேர்த்து வைத்து எந்த அளவையும் கொண்டுவந்துவிடலாம். அந்தக் கட்டைகளைத் தேய்த்துச் சமன் செய்ய வீட்டிலிருந்த மனைவியின் தையல் மிஷினையே மாற்றியமைத்துக்கொண்டார். அம்மையார் என்ன சொன்னார் என்று வரலாறு பதிவு செய்யவில்லை!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த லொடலொட, பிரௌனிங் வைத்த குறை இல்லை. 1945-க்குப் பிறகு ராணுவம் ஒரு 1911 கூடப் புதிதாக வாங்கவில்லை. 1985-இல் இத்தாலியின் பெரெட்டாவுக்கு மாறும்வரை நாற்பது வருஷம் இருப்பில் இருந்ததையே கழற்றி, கலந்து, திரும்பக் கோத்து ஓட்டினார்கள். எதுவும் எதனோடும் சேரும் என்பதற்குக் கொடுத்த விலை அது. எதுவும் எதனோடும் கச்சிதமாகச் சேராது.

கேம்ப் பெர்ரியின் பத்தாம் வட்டம்

போர் செய்பவனுக்கு அது போதும். குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரனுக்குப் போதாது. ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற மைதானம் இருக்கிறது. 1907-இலிருந்து அமெரிக்காவின் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். அங்கே கைத்துப்பாக்கியை ஒரே கையில் நீட்டிப் பிடித்து 50 கஜம், நம் கணக்கில் சுமார் 46 மீட்டர், தள்ளியிருக்கும் காகிதத்தைச் சுட வேண்டும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் எட்டரை சென்டிமீட்டர். ஒரு காபி டபராவின் வாயளவு.

இப்போது ஒரு கணக்கு. லேத் பட்டறைப் பேச்சில் ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. 1911-இன் குழல் ஐந்து அங்குல நீளம். அதன் ஒரு முனை இன்னொரு முனையைவிட ஒரு தௌ விலகி உட்கார்ந்தால், 50 கஜத்தில் குண்டு 9 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஐந்து தௌ என்றால் நாலரை சென்டிமீட்டர். சுடுபவன் கை ஆடாமல், மூச்சு அசையாமல் சுட்டும் வட்டத்துக்கு வெளியே. ராணுவமே தன் போட்டி வீரர்களுக்காக 1956-இல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் தனிப் பிரிவைத் தொடங்கியது. துப்பாக்கிகளை இறுக்கிக் கொடுக்க கன்ஸ்மித்துகளையும், அதாவது துப்பாக்கிக் கம்மியர்களையும், வைத்துக்கொண்டது. வாசல் வழியாக விரட்டிய அரத்தைக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டவர்களும் அவர்களேதான்.

துப்பாக்கி வாங்க வருபவர்கள் மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடத்தை ஆட்டிப் பார்க்கிறார்கள். அங்கே ஆட்டம் இல்லையென்றால் திருப்தி. மாப்பிள்ளை வீட்டுச் சுவரின் வண்ணத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுக்கிற மாதிரிதான் இதுவும். குறி பார்க்கும் முள் மேல்பாகத்தின் மீதுதான் இருக்கிறது. ஆகவே மேல்பாகத்துக்குள் குழல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து உட்காருகிறதா என்பதுதான் கேள்வி. சுட்டவுடன் குழல் சற்றே கீழிறங்கிப் பிரிகிறது. அடுத்த தோட்டா ஏறியதும் திரும்ப மேலேறிப் பூட்டிக்கொள்கிறது. பின்முனையில் நாக்குபோல் ஒரு நீட்டல், முதுகில் பற்கள்போல் மேடுகள், வயிற்றில் ஒரு கொக்கி, முன்முனையில் ஒரு வளையம். இத்தனையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று முன்னதாகத் தொட்டாலும் குழல் கோணிக்கொள்ளும்.

இதை எந்த மெஷினும் சொல்லிக் கொடுக்காது. பெஞ்சில் நடப்பது இதுதான். குழல் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வருகிறது. கன்ஸ்மித் அதன்மேல் மெல்லிய நீல மசியைத் தடவி மேல்பாகத்துக்குள் நுழைத்துப் பார்க்கிறார். நுழையாது. வெளியே எடுத்தால் நீலம் அழிந்து ஓர் ஓரத்தில் பொட்டுப்போல் இரும்பு பளபளக்கும். அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. துடைத்து, திரும்ப மசி, திரும்ப நுழைப்பு. இப்போது பளபளப்பு வேறு ஓரத்தில். நம்மூர் மெக்கானிக் ஷாப்பில் ப்ளூ மேட்ச் பார்ப்பது என்பார்களே, அதேதான். ஐம்பது தடவையும் ஆகலாம். கடைசி நாலைந்து இழுப்புகளை அரத்தின் எடை மட்டும் போதுமென்று விட்டுவிடுவார்கள், கை அழுத்தாது. ஒரு இழுப்பு கூடிவிட்டால் அவ்வளவுதான். தேய்ந்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சில நூறு டாலர் குழல் பழைய இரும்புக் கூடைக்குப் போகும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். முதல் சில மாதம் அரத்தைத் தவிர எதையும் தொடவிட மாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நாலு பக்கமும் சதுரமாக அராவச் சொல்வார்கள். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒரு ஒளிக்கீற்று. வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பையனிடம் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் ஆண்-பெண் பொருத்து: ஒரு துண்டில் பள்ளம், இன்னொன்றில் அதற்கேற்ற மேடு, சேர்த்தால் கோடு தெரியக்கூடாது. அந்தப் பாடத்தை வாழ்நாள் தொழிலாக ஆக்கிக்கொண்டவர்கள்தான் இந்த கன்ஸ்மித்துகள்.

கடிகாரக் கடைப் பின்கட்டு

1970-களில் விளையாட்டு மாறியது. காகித வட்டத்தோடு நிற்காமல் ஓடி, திரும்பி, மறைவிலிருந்து சுடும் போட்டிகள் வந்தன. ஜெஃப் கூப்பர் தலைமையில் 1976-இல் மிசூரியின் கொலம்பியாவில் அதற்கான சர்வதேச அமைப்பும் உருவானது. அந்தக் கூட்டத்துக்காக கலிஃபோர்னியாவில் ஆர்மண்ட் ஸ்வென்சன் செய்துகொடுத்த 1911-கள் பேர்போனவை. இடக்கைக்காரரும் தட்டக்கூடிய பாதுகாப்பு நெம்புகோல் அவர் கைவண்ணம். 1977-இல் பெர்ரிவில்லில் பில் வில்சன் குடும்ப நகைக்கடையின் பின்கட்டில் பெஞ்ச் போட்டார். அவர் கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றவர். அந்த ஊரில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. இன்று அவர் வளர்த்த வில்சன் காம்பாட்டும், 2004-இல் அங்கேயே தொடங்கிய நைட்ஹாக் கஸ்டமும் அந்த ஊரின் அடையாளம்.

கடிகாரக்காரர் வந்தது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ட்ரிகரை அழுத்தும்போது உள்ளே நடப்பது கடிகார வேலைதான். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, ஒரு அரிசிமணியின் பருமனுக்கும் குறைவான விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அந்த விளிம்பைச் சாணைக்கல்லில் சரியாக மெருகேற்றினால், விரல் அழுத்த அழுத்த எதுவும் நகராது. திடீரென்று காய்ந்த சுள்ளி முறிவதுபோல் விடும். தவறாக மெருகேற்றினால் யாரும் அழுத்தாமலே சுடும். ஆகவேதான் போட்டியில் கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். .45-க்கு மூன்றரை பவுண்டு: அந்த எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குவார்கள். கல்லைத் தாங்காமல் சுத்தியல் விழுந்தால், எவ்வளவு பெரிய சாம்பியனானாலும் வெளியே.

கைப்பிடியின் முன்பக்கம் வழுக்காமல் இருக்க வெட்டும் வரிகள் இன்னொரு பொறுமைச் சோதனை. அங்குலத்துக்கு 20, 25, 30 என்று குறுக்கிலும் நெடுக்கிலும் கோடுகள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஊசிமுனைக் கோபுரங்கள், நூற்றுக்கணக்கில். அதுவும் வளைந்த பரப்பில். ஒரு கோடு ஒரு முடியளவு சாய்ந்தாலும் அடுத்ததும் சாயும், கடைசியில் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் தெரிவதுபோல.

இவ்வளவு நேர்த்தியை வியந்துவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போவது நாணயமில்லை. 2021-இல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. நாலாயிரம் டாலர் துப்பாக்கி இந்தக் கணக்கில் அதிகம் இருக்காது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லக்கூடும். செய்யும் பொருள் என்ன என்பதை அந்தப் பதில் மாற்றிவிடாது. அமெரிக்கச் சட்டப்படி அடிப்பாகம் ஒன்றுதான் துப்பாக்கி. எண் பொறிப்பதும் பதிவும் அதற்குத்தான், மற்றதெல்லாம் உதிரி. இந்த இடுக்கில் நுழைந்துதான் வீட்டில் கோத்துக்கொள்ளும் எண் பொறிக்காத துப்பாக்கிகள் பெருகின. அவற்றின் கிட்டுகளையும் துப்பாக்கியாகவே கருதி அரசு கொண்டுவந்த விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நம் நாட்டில் பேச்சுக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றிச் செய்வது கடுங்குற்றம். உரிமம் உள்ளவரும் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அது அப்படியே இருப்பதுதான் நமக்கு நல்லது.

கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்கள் இன்று ஒரு தௌவுக்குள் வெட்டிக் கொடுக்கின்றன. அப்படியானால் அரம் தேவைதானா? பாதி தேவையில்லை என்பதே என் எண்ணம். கஸ்டம் கம்பெனிகளும் பாகங்களை மெஷினில்தான் வெட்டுகின்றன. கடைசி ஒன்றிரண்டு தௌவைத்தான் கைக்கு விட்டுவைக்கின்றன. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு குறிக்காக. இன்னொரு பங்கு, டாங்கில் ஓடும் தங்கக் கோட்டுக்காக.

இதன் இன்னொரு முகத்தை அமெரிக்க மரைன் படை பார்த்துவிட்டது. ராணுவமே 1911-ஐக் கைவிட்ட 1980-களில், மரைன்களின் ஒரு சிறப்புப் பிரிவு அதுதான் வேண்டும் என்றது. வர்ஜீனியாவின் குவான்டிகோவில் அவர்களுடைய கம்மியர்கள் கிடங்கிலிருந்த பழைய அடிப்பாகங்களைப் பொறுக்கியெடுத்து, வெளியில் வாங்கிய குழல்களையும் மேல்பாகங்களையும் கையால் பொருத்தி ஒவ்வொன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். அருமையான துப்பாக்கிகள். ஆனால் பொருத்திய பாகம் ஒன்று போய்விட்டால் பக்கத்து வீரனின் துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட முடியாது. பயிற்சி பெற்ற கம்மியர் வரவேண்டும், அரம் வரவேண்டும். ஜெஃபர்சன் 1785-இல் எதைக் கண்டு வியந்தாரோ, அது நடக்காத பழைய இடத்துக்கே வந்து நின்றார்கள்.

நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கிக்கு ஒரே கன்ஸ்மித் என்பது விதி. முதல் இழுப்பிலிருந்து கடைசிச் சோதனை வரை அவர் பெஞ்சைவிட்டு அது நகராது. முடிந்ததும் தன் பெயரின் முதலெழுத்துகளை அடிப்பாகத்தில் பொறிக்கிறார். வெளியே தெரியும் இடத்தில் இல்லை, கைப்பிடிப் பலகைக்கு அடியில். பார்க்க வேண்டுமானால் இரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும்.